காரின் ஏ.ஸி. மக்கர் செய்கிறதா?

கத்தரி வெயில் நாளாகப் பார்த்துத்தான் காரின் ஏ.ஸி. மக்கர் செய்யும். காற்று வரும், குளிர்ச்சி வராது. பின் ஸீட்டில் குழந்தை சிணுங்கும். "கண்ணாடியையாவது இறக்கேன்" என்பார் மாமியார். இறக்கினால் அண்ணா சாலையின் புகை முழுவதும் உள்ளே!

மறுநாள் வண்டியை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போகிறீர்கள். மெக்கானிக் ஒரு சிறு கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "பி-0532ன்னு கோடு காட்டுதும்மா. சென்ஸார் போயிடுச்சு. புதுசு மாத்தணும்" என்கிறார்.

சரி என்று தலையை ஆட்டிவிடாதீர்கள், சகோதரி! சென்ஸார் போய்விட்டது என்று அந்த நம்பர் சொல்லவே இல்லை.

பின் என்னதான் சொல்கிறது? இன்றைய கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் 16 துளைகள் கொண்ட ஒரு ஸாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996-ல் புதுக் கார்களுக்கெல்லாம் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு இது. இப்போது நம் ஊர்க் கார்களிலும் உண்டு. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், தான் கண்ட கோளாறை ஓர் எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்ளும். கருவியைச் சொருகினால் ஒப்பிக்கும்.

ஏ.ஸி. குழாயில் ஓடும் வாயுவின் அழுத்தத்தை உணர்ந்து சொல்ல ஒரு சென்ஸார் இருக்கிறது. (சினிமாவில் கத்தரி போடும் சென்ஸார் அல்ல, இது வேறு!) அதனிடமிருந்து வரும் மின்சாரச் செய்தி இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்பதுதான் 0532-க்கு அர்த்தம். அளவுக்கு மேலே போனால் 0533. எந்தத் தெருவில் கலாட்டா என்று நம்பர் சொல்கிறதே தவிர, எந்த வீட்டில் என்று சொல்வதில்லை.

அந்தத் தெருவைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போமா? சென்ஸாருக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள். ஒன்றில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்புகிறது. இன்னொன்று எர்த். மூன்றாவதில் சென்ஸார் பதில் சொல்கிறது. அழுத்தம் ஏற ஏற, பதிலின் வோல்ட்டும் ஏறும். இப்போது 5 வோல்ட் கம்பியை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் பூஜ்யம்தான். பதில் கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டாலும் பூஜ்யம்தான். ப்ளக்கில் மழைத் தண்ணீர் புகுந்து பச்சைக் களிம்பு பிடித்தாலும் பதில் சரியாகப் போய்ச் சேராது. வாயு முழுவதும் கசிந்து போனாலும் சில கார்களில் இதே நம்பர் வரும். ஆக, சென்ஸார் பாவம், சந்தேகத்துக்குரிய ஐந்து பேரில் ஒருவன்!

இத்தனூண்டு சாமானுக்காக ஏ.ஸி.யையே ஏன் நிறுத்த வேண்டும் என்கிறீர்களா? கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய், வாயுவோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. வாயு இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் தேய்ந்து பாழாகிவிடும். அழுத்தம் இன்னதென்று தெரியாதபோது கம்ப்யூட்டர் அதை ஓடவிடாது. நல்ல புத்திதான்! ஆகவே, "டைரக்டா ஒரு ஒயர் போட்டு ஓட வெச்சிடறேன்" என்று யாராவது கிளம்பினால் சம்மதிக்காதீர்கள். சென்ஸார் செலவோடு போக வேண்டியது கம்ப்ரஸர் செலவாக வளர்ந்து நிற்கும்.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டியது ஒரு மல்டிமீட்டர். சென்ஸாரின் ப்ளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, ப்ளக்கில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியென்றால், விஷயம் தெரிந்த மெக்கானிக் 5 வோல்ட் கம்பியையும் பதில் கம்பியையும் ஒரு நிமிஷம் இணைத்துப் பார்ப்பார். பல கார்களில் உடனே 0533 வரும். வந்தால் கம்பிகள் நல்லபடி இருக்கின்றன. வாயுவும் சரியாக இருந்தால், குற்றம் சென்ஸாருடையதுதான். தாராளமாக மாற்றச் சொல்லுங்கள். வராவிட்டால் கோளாறு வழியில் எங்கோ இருக்கிறது. புது சென்ஸார் போட்டாலும் பழைய கதைதான். (இந்த இணைப்பு வேலையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கம்பி மாறிப்போனால் கம்ப்யூட்டருக்கே ஆபத்து. வாயுக் குழாயையும் திறக்கவே கூடாது.)

நீங்களே பார்க்கக் கூடியதும் உண்டு. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பானெட்டைத் திறந்து எலி கடித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ப்யூஸ் பெட்டியின் மூடியில் எது ஏ.ஸி. ப்யூஸ் என்று படம் போட்டிருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ளதையே போட வேண்டும். பெரிய ப்யூஸ் போட்டால் கம்பி எரியும்.

இன்னொரு வேடிக்கை. தானே குளிரைக் கூட்டிக் குறைக்கும் ஏ.ஸி. உள்ள சில கார்களில், வெயிலை அளக்க டாஷ்போர்டின் மேல் ஒரு சென்ஸார் இருக்கும். இருட்டு ஷெட்டில் வைத்துப் பரிசோதித்தால், வெயில் தெரியவில்லையே என்று அதற்கும் ஒரு நம்பர் காட்டும்! வண்டியை வெளியே வெயிலில் நிறுத்தினால் தீர்ந்து போகிற வியாதி இது. இதற்கா பணம் கொடுப்பது?

"கோடை அழிச்சாச்சும்மா" என்று மட்டும் சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் நம்பாதீர்கள். நம்பரை அழிப்பது ஒரு பொத்தான் வேலை. கம்பி அறுந்தபடியேதான் இருக்கும். "5 வோல்ட் வந்ததா? எர்த் பார்த்தீர்களா? வாயு எவ்வளவு இருந்தது?" என்று கேட்டு, பதிலைப் பில்லின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சென்ஸாரையும் கேட்டு வாங்கி வையுங்கள். அதே 0532 திரும்பவும் தலைகாட்டினால், இரண்டையும் எடுத்துக்கொண்டு போகலாம்.