கணக்கும் கணினியும் - 17: இசட் என்னும் தனி இடம்

ஜெர்மானியப் பல்பொருள் அங்காடி நிறுவனமான லிடிலின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. சரக்கைக் கொள்முதல் விலையில்தான் மதிப்பிடுவோம் என்று நின்று, அதற்காக, நிறுவனங்களின் கணக்குவழக்கை நடத்தும் எஸ்.ஏ.பி. மென்பொருளை வளைத்து, 2018இல் ஏழாண்டுத் திட்டத்தையே கைவிட்டார்களே, அதேதான். இந்த வாரம் பர்மிங்காம் மாநகராட்சி என்று சொல்லியிருந்தேன். அங்கே போவதற்குள் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் நகர முடியாது.

எஸ்.ஏ.பி. ஓடும் அலுவலகத்தில் "இந்த ரிப்போர்ட் எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். பாதி நேரம் "அது இசட் புரோகிராம் சார்" என்று பதில் வரும். நிறுவனம் தன் வசதிக்காகத் தானே எழுதிக்கொண்டது என்று பொருள். அதன் பெயர் உண்மையிலேயே இசட்டில் தொடங்கும்.

ஐ.பி.எம்.மிலிருந்து வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் எஸ்.ஏ.பி. ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாக நிரல் எழுதாமல், ஒரே நிரலைப் பல ஆலைகளுக்கும் விற்பதுதான் அவர்கள் எண்ணம். அதில் ஒரு சிக்கல் உண்டு. வாங்கியவர் தனக்கென ஒரு நிரல் எழுதி ஒரு பெயர் வைக்கிறார். அடுத்த பதிப்பில் எஸ்.ஏ.பி.யும் அதே பெயரில் ஒன்றை அனுப்பினால் வாடிக்கையாளரின் உழைப்பு அழிந்துபோகும். அதனால் பெயர்களைப் பாகம் பிரித்தார்கள். ஒய், இசட் என்ற எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் வாடிக்கையாளருக்கு. எத்தனை புதுப் பதிப்பு வந்தாலும் அந்தப் பக்கம் எஸ்.ஏ.பி. கை வைக்காது. அவர்களுடைய அட்டவணையில் நீங்கள் ஒரு கட்டம் கூட்டிக்கொண்டாலும் அதன் பெயர் ஒய்ஒய் அல்லது இசட்இசட் என்று தொடங்க வேண்டும்.

இதைவிட என்னை வியக்க வைத்தது எம்.வி.45.ஏ.எஃப்.இசட்.இசட். பெயரைப் பாருங்கள், இசட் இங்கே கடைசியில் நிற்கிறது. இது எஸ்.ஏ.பி.யே எழுதிய துண்டு. விற்பனை ஆணையைக் கையாளும் மூல நிரலின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஏறக்குறைய காலி. ஆணையைச் சேமிக்கும் முன் ஏதாவது சரிபார்க்க வேண்டுமா, இங்கே எழுதிக்கொள்ளுங்கள். ஆணையை அழிக்கும்போது ஏதாவது நடக்க வேண்டுமா, இங்கே எழுதிக்கொள்ளுங்கள் என்று வரிசையாக இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பழக்கம் வேறாக இருக்கும் என்பதை முன்பே உணர்ந்து, தங்கள் நிரலின் நடுவே வெற்றிடம் விட்ட அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை. ஒருவர் கடன் வரம்புக்குப் பத்து வரி எழுதுவார். அடுத்தவர் ஒரே ஒரு வாடிக்கையாளரின் தள்ளுபடிக்கு முப்பது வரி. இருவரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். பத்தாண்டு கழித்து அதற்குள் எது எதற்கு என்று சொல்ல ஆள் இருக்காது. அந்தத் துண்டில் ஓர் இலக்கணப் பிழை நுழைந்து நடப்புக்கு வந்துவிட்டால், நிறுவனத்தில் ஒருவராலும் புது ஆணை பதிய முடியாது.

எனக்கு அதைவிட அச்சம் தருவது நகல். எஸ்.ஏ.பி. தந்த அறிக்கையில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். உடனே முழு நிரலையும் நகலெடுத்து, முன்னால் இசட் போட்டு, அந்தப் பத்தியைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு நாள் வேலை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூலத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து எஸ்.ஏ.பி. திருத்தினால் அந்தத் திருத்தம் மூலத்துக்குத்தான் போகும். நகல் பழைய பிழையோடு ஓடிக்கொண்டே இருக்கும். கை வைக்க மாட்டோம் என்ற அதே வாக்குறுதிதான் இங்கே எதிராகத் திரும்புகிறது.

2015இல் எஸ்.ஏ.பி.யின் புதிய பதிப்பான எஸ்4ஹானா வந்தபோது இது பலருக்குச் சுட்டது. பொருள் எண்ணின் நீளம் 18 எழுத்திலிருந்து 40 ஆனது. பதினெட்டுதான் என்று நம்பி எழுதிய இசட் நிரல்களை எல்லாம் தேடித் திருத்த வேண்டியிருந்தது. சரக்கு நடமாட்டத்தைப் பதிந்த பழைய அட்டவணைகளின் இடத்தில் ஒரே புது அட்டவணை வந்தது. பழையவற்றை வாசிக்க வழி வைத்தார்கள். அவற்றில் நேரடியாக எழுதிய நிரல்கள் படுத்துவிட்டன.

ஆகவே இசட் நிரல்களைக் குறைக்கத்தான் வேண்டும். எங்கே தொடங்குவது? எந்த இசட் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பதிவு செய்யும் கருவி எஸ்.ஏ.பி.யிலேயே இருக்கிறது. அதை இயக்கிவிட்டுக் குறைந்தது ஓராண்டாவது காத்திருங்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு அழித்தால், மார்ச் கடைசியில் ஆண்டுக் கணக்கு முடிக்க மட்டும் ஓடும் நிரலையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் இசட் பட்டியலைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அதில் ஓர் இசட், கேரளத்துக்குப் போகும் லாரிகளுக்காக வாளையாறு சோதனைச் சாவடியில் காட்ட வேண்டிய தாளை அச்சடிப்பது. வாளையாற்றில் லாரிகள் இரவெல்லாம் வரிசையில் நின்ற காலத்தில் அது பொன்னான நிரல். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிக வரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கு இடையே இ-வே பில் கட்டாயமானது. நிரல் மட்டும் அப்படியே இருந்தது. "எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்" என்றார் அங்கே கணினிப் பிரிவைப் பார்ப்பவர். மதிப்புக்கூட்டு வரி, சி ஃபார்ம் என்று அந்தக் காலத்துக்காக எழுதிய இன்னும் பல அதே பட்டியலில் இருந்தன. அவற்றை நீக்க யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. தேவையைச் சட்டமே நீக்கிவிட்டது.

தினமும் ஓடுகிற, ஆனால் ஓடத் தேவையில்லாத இசட்டுகள்தான் கடினம். "எங்கள் முறை வேறு" என்று சொல்லும் துறைத் தலைவரிடம் எப்படிப் பேசுவது என்பதைத்தான் பர்மிங்காமை வைத்துச் சொல்ல நினைத்தேன். மென்பொருளை உள்ளபடியே ஏற்பது என்று தொடங்கி, பிறகு வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதியைத் தங்கள் வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டு தவித்த மாநகராட்சி அது. அடுத்த வாரம் கட்டாயம் அங்கே போவோம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். பழைய எஸ்.ஏ.பி. பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதிவரைதான். உங்கள் அலுவலகம் இன்னும் அதில் இருந்தால், பதிவுக் கருவியை இந்த வாரமே இயக்கச் சொல்லுங்கள்.