பாலைநில ஆமைக்குஞ்சுக்கு ஈர வீடு

சஹாராவுக்குத் தெற்கே சாஹேல் என்னும் வறண்ட வெளியில் வாழும் சுல்காட்டா ஆமை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பிராணி ஆகிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சை வாங்கி வருபவர்களில் பலர் கண்ணாடித் தொட்டியில் காய்ந்த மணலைக் கொட்டி, மேலே சூடான விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். பாலையில் பிறந்ததற்குப் பாலைதானே பொருந்தும் என்ற கணக்கு. கணக்கு தப்பு. அங்கே குஞ்சுகள் வெளிவருவது மழைக்காலத்தை ஒட்டித்தான். வெயில் ஏறினால் அவை புதரடியிலும் வளையிலும் பதுங்கிவிடும். வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும்.

ஓட்டில் எழும் மேடுகள்

வறண்ட பெட்டியில் வளரும் குஞ்சின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்பாக எழும்பும். புரதம் மிகுந்த தீனிதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். வீஸ்னர், இபென் என்னும் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் 50 சுல்காட்டா குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் ஐந்து மாதம் வளர்த்துப் பார்த்தார்கள். மேட்டின் உயரத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் காற்றின் ஈரப்பதமே. புரதத்தின் பங்கு சிறிது. எழும்பிய மேடு பிறகு தணியாது.

பெட்டி

மேலே மூடியுள்ள, நான்கடிக்கு இரண்டடிப் பெட்டி தொடக்கத்துக்குப் போதும். பக்கங்கள் வழியே வெளிப்புறம் தெரியாமல் இருப்பது நல்லது. கண்ணாடி என்றால் குஞ்சு நாள் முழுக்க அதை முட்டிக்கொண்டே நடக்கும். தரைக்கு மணல் வேண்டாம். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். தென்னை நார்த்தூளை உப்புப் போக அலசி, மூன்று நான்கு அங்குலத்துக்கு அழுத்திப் பரப்பலாம். ஒரு பிடி அள்ளிப் பிசைந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஒரு மூலையில் பதுங்கிடம், இன்னொன்றில் மண் தட்டில் தண்ணீர்.

சூடும் ஒளியும்

ஈரத்தோடு குளிர் சேர்ந்தால் நுரையீரல் கெடும். அதனால் இரவிலும் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போக விடக் கூடாது. விளக்கின் நேர் கீழே 35 முதல் 38 வரை இருக்கலாம். அளக்க வேண்டியது குஞ்சின் முதுகு உயரத்தில்.

புற ஊதா விளக்கு தனி. அது இல்லையேல் வைட்டமின் டி உருவாகாது, தின்னும் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் நாளடைவில் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

நம் ஊரில்

இந்தியாவில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. சுல்காட்டா போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். முழுதாக வளர்ந்தது 40 கிலோவைத் தாண்டக்கூடும், தோட்டத்தையே குடைந்துவிடும் என்பதையும் வாங்கும் முன் யோசிப்பது நல்லது.

குழந்தைகள் உள்ள வீடு

நலமாக இருக்கும் ஆமையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை விதித்தது இதனால்தான். சிறுவர்கள் அவற்றை வாயில் வைத்துவிடுகிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்கள் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கும் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.