மூட்டைப்பூச்சி வந்தால் வீட்டுப் பெண்ணைத் திட்டாதீர்கள்!



பேன், கரப்பான், எலித் தொல்லை பற்றி நாம் நாலு பேரிடம் தாராளமாகப் பேசுவோம். மூட்டைப்பூச்சி என்றால் மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. "வீட்டைச் சுத்தமா வச்சிக்கத் தெரியல" என்று மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள் என்ற பயம். அந்த வெட்கம்தான் மூட்டைக்குப் பெரிய பாதுகாப்பு. நாம் மறைக்க மறைக்க அது பெருகிக்கிட்டே போகும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். மூட்டை அழுக்கைத் தேடி வருவதில்லை. அதற்கு வேண்டியது மனுஷ ரத்தம்தான். நாம் விடும் மூச்சுக் காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்துத்தான் நம்மைக் கண்டுபிடிக்கிறது. பளிங்குத் தரை போட்ட வீட்டுக்கும் வரும், ஓலைக் குடிசைக்கும் வரும். 2023-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் ரயிலிலும் தியேட்டரிலும் மூட்டை என்று உலகமே பேசியது நினைவிருக்கலாம். பாரிசுக்கே வரும்போது நம்ம வீட்டுக்கு வந்தால் என்ன அவமானம்?

அதற்கு இறக்கை கிடையாது. பறக்காது, குதிக்காது. பெட்டியில், பையில், பழைய கட்டிலில், மெத்தையில் ஒட்டிக்கிட்டுத்தான் ஊர் விட்டு ஊர் வரும். எங்கள் உடன்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் மும்பையிலோ, வளைகுடாவிலோ வேலை பார்க்கிறார். ஒரு ரூமில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்குகிறார்கள். அங்கே உள்ள மூட்டை அவர்கள் பெட்டியோடு இங்கே வந்து இறங்கும். குலசை தசராவுக்கும், திருச்செந்தூர் கந்த சஷ்டிக்கும் வெளியூர் சொந்தக்காரர்கள் வந்து தங்கும்போதும் வரலாம். இதில் வீட்டில் இருக்கும் பெண்ணின் தப்பு என்ன?

இன்னொரு விஷயம். மூட்டை கடித்தால் சிலருக்குத் தடித்து அரிக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே கட்டிலில் படுத்தாலும் மனைவிக்கு உடம்பெல்லாம் தடிப்பு இருக்கும், கணவரோ "என்னைக் கடிக்கலையே, உனக்குத்தான் ஏதோ அலர்ஜி" என்பார். சந்தேகம் வந்தால் மெத்தையின் தையல் ஓரம், கட்டில் மூட்டு, தலையணை மடிப்பு இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். மை சிந்தின மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் அது பரவும். உரித்துப் போட்ட மெல்லிய தோல் கிடக்கும். ரொம்பப் பெருகிவிட்டால் அழுகின கொத்தமல்லி வாடை அடிக்கும்.

மூட்டை கடித்து எய்ட்சோ, மஞ்சள் காமாலையோ வந்ததாக நிரூபணம் இல்லை. அந்த வகையில் பயப்பட வேண்டாம். ஆனால் கைக்குழந்தைகளை அலட்சியமாக விடக்கூடாது. மூட்டை அதிகம் கடித்த குழந்தைகளுக்கு ரத்தசோகை வர அதுவும் ஒரு காரணமாகலாம் என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே 1962-ல் எழுதியிருக்கிறார்கள்.

மருந்து அடித்தும் ஏன் போவதில்லை? 1953-ல் நம் நாட்டில் மலேரியா ஒழிப்பு வேலை தொடங்கி, வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. அடித்தார்கள். ஆரம்பத்தில் கொசுவோடு மூட்டையும் செத்தது. பிறகு மூட்டைக்கு அந்த மருந்து பழகிவிட்டது. ஹவாய்த் தீவில் 1947-லேயே இப்படி ஆனதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்போது கடையில் விற்கும் பல ஸ்பிரேக்களின் கதையும் அதுதான். முட்டைக்குள் மருந்து சரியாக ஏறுவதும் இல்லை.

மூட்டைக்குப் பழகவே முடியாத ஒன்று சூடுதான். 50 டிகிரிக்கு மேல் போனால் முட்டையோடு சேர்ந்து சாகும். அதனால் நான் செய்வதும், மற்றவர்களுக்குச் சொல்வதும் இவைதான்:

வெளியூரிலிருந்து வரும் பெட்டியைப் படுக்கை அறைக்குக் கொண்டுபோகாமல் முற்றத்தில் வைத்தே பிரியுங்கள். துவைக்கும் துணியை நேராகக் கொதிநீரில் போடுங்கள். கொதிநீர் தாங்காத துணிக்கு நல்ல சூட்டில் இஸ்திரி போடலாம். காலிப் பெட்டியைக் கறுப்புப் பாலிதீனில் கட்டி உச்சி வெயிலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள்.

எங்கள் பக்கத்துப் பனைநார்க் கட்டில் மூட்டைக்கு அரண்மனை மாதிரி. நார் நுழையும் துளை, கால் சேரும் மூட்டு எல்லாம் அதற்கு வீடு. வெயிலில் போட்டால் மட்டும் போதாது, நிழல் பார்த்து ஓடி ஒளிந்துகொள்ளும். விடிலியில் பதநீர் கொதிக்கிற மாதிரி தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை மூட்டு மூட்டாக ஊற்றுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிறகு கட்டிலை வெயிலில் காய வையுங்கள்.

ஒரு தடவையோடு விட்டுவிடக் கூடாது. ஒரு பெண் மூட்டை தன் ஆயுளில் 200 முட்டைக்கு மேல் இடும். அவை பொரிய ஆறிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு தடவை என்று நாலு வாரமாவது விடாமல் செய்யுங்கள். பாதியில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கட்டிலைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டு, நாலு காலையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்துங்கள். போர்வை தரையில் தொங்க வேண்டாம். டப்பாத் தண்ணீரில் கொசு முட்டையிடாமல் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். சுவர் வெடிப்பு, காலண்டர், சாமி பட ஃபிரேம் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். வெடிப்பைச் சிமெண்டு வைத்துப் பூசிவிடுங்கள். மூட்டை ரத்தம் குடிக்காமல் பல மாசம் உயிரோடு இருக்கும். ஆகவே அறையைப் பூட்டிப் போட்டுவிட்டால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். மூட்டை பிடித்த மெத்தையைத் தெருவில் வீசாதீர்கள். பாவம், வேறு யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள்.

கடைசியாக, முக்கியமாக ஒன்று. நெல் மூட்டைக்கும் கிட்டங்கிக்கும் வைக்கும் மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே வராதீர்கள். அதிலிருந்து கிளம்பும் விஷப்புகை தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். வளைகுடாவில் பக்கத்து வீட்டில் மூட்டைக்கு வைத்த மாத்திரைப் புகையில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு பச்சைப் பிள்ளைகள் போய்விட்டன. வயலுக்கு அடிக்கும் மருந்தையும் மெத்தையில் தெளிக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீயை வீட்டுக்கு அழைப்பதுதான். கைமீறிப் போனால் லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்கணும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூட்டைக்கடி நாலு வாரத்தில் தீரும். வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் இருக்கணுமே என்று ராத்திரியோடு ராத்திரியாக விஷத்தை வைத்தால் வரும் இழப்பு தீராது. அடுத்த வீட்டுக்காரியிடம் "எங்க வீட்டுல மூட்டை வந்திருக்கு, உங்க வீட்டையும் பாத்துக்கோங்க" என்று சொல்லும் தைரியம் நமக்கு வரணும். கொதிநீர் தவிர வேறு நல்ல வழி தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன், எல்லோருக்கும் உதவும்.

- ஒரு இல்லத்தரசி, உடன்குடி.