ஒட்டுக் கேட்டால் காட்டிக் கொடுக்கும் சாவி!

கே.கே. நகரில் எங்கள் தெருவில் யார் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும், சாப்ட்வேர் வேலையில் இருக்கும் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். சமீபத்தில் பக்கத்து வீட்டு மாமா, "குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் நெட் பேங்கிங் பூட்டெல்லாம் உடைந்துவிடுமாமே, தம்பி?" என்றார்.

பயம் முழுக்க வீண் அல்ல. இன்டர்நெட்டில் பயன்படும் ஆர்எஸ்ஏ பூட்டு, மிகப் பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதை நம்பியே இருக்கிறது. குவாண்டம் கம்ப்யூட்டர் இதை விரைவில் செய்துவிடும் என்று 1994-ல் பீட்டர் ஷோர் காட்டினார். அந்த அளவுக்குப் பெரிய கம்ப்யூட்டர் இன்னும் உருவாகவில்லை.

எப்படி வேலை செய்கிறது?

இதற்கு ஒரு மாற்று வழியை சார்லஸ் பென்னட், ஜில் பிரசார்ட் இருவரும் 1984-லேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டுரை வெளியானது நம் பெங்களூரில் நடந்த கருத்தரங்கில்! அதன் பெயர் பிபி84.

நீங்கள் கே.கே. நகரிலிருந்து அடையாறு நண்பருக்கு ரகசியச் சாவி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பைபர் கேபிளில் போட்டான் எனும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறீர்கள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 இருக்கும். அதைக் குறிக்க இரண்டு முறைகள் உண்டு. ஏதாவது ஒன்றில் குறிப்பீர்கள். நண்பர் ஏதாவது ஒரு முறையில் அளப்பார். பிறகு எந்த முறை என்பதை மட்டும் போனில் ஒப்பிட்டு, பொருந்தியவற்றை வைத்துக்கொள்ளலாம்.

தவறான முறையில் அளந்தால் போட்டானின் நிலை கலைந்துவிடும். எனவே நடுவில் ஒருவர் எல்லாவற்றையும் அளந்து திருப்பி அனுப்பினால், வைத்துக்கொண்டவற்றில் சுமார் 25 சதவீதம் தவறாகிவிடும். சிலவற்றைச் சரிபார்த்தாலே குட்டு வெளிப்படும். சாவியைத் தூக்கி எறிந்துவிடலாம். செய்தி இன்னும் கிளம்பவே இல்லை என்பதால் நஷ்டம் இல்லை.

இந்தியாவில்...

2021-ல் இஸ்ரோ, அகமதாபாத்தில் கேபிள் இல்லாமல் 300 மீட்டர் தூரத்துக்கு இதைச் செய்து காட்டியது. 2022 பிப்ரவரியில் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிரயாக்ராஜ் - விந்தியாசல் இடையே, சாதாரண பைபர் கேபிளில் 100 கி.மீ.க்கு மேல் சாதித்தன. 2023-ல் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு சுமார் 6,003 கோடி ரூபாய் அனுமதித்தது. அதில் தகவல் தொடர்புக்கான மையம் நம் ஐஐடி மெட்ராஸில் அமைகிறது.

குறைகளும் உண்டு. தூரம் கூடக் கூட கேபிளில் போட்டான்கள் தொலைந்துபோகும். தனிக் கருவிகள் தேவை. மறுமுனையில் இருப்பவர் உண்மையிலேயே உங்கள் நண்பர்தானா என்பதை வேறு வழியில்தான் உறுதி செய்ய வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டுக்கு இந்தக் கருவி தேவையில்லை. குவாண்டம் கம்ப்யூட்டராலும் உடைக்க முடியாது எனக் கருதப்படும் புதிய கணித முறைகளை 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு வெளியிட்டது. இவை சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே இயங்கும்; அப்டேட் மூலம் பிரவுசருக்கும் வருகின்றன. ஆகவே அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். நாமே சொல்லிவிட்டால் எந்தக் குவாண்டம் பூட்டும் காப்பாற்றாது!