ஆர்ட்ஸா, சயன்ஸா: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டியவை

மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்பு முடித்த மாணவர் கலை, வணிகவியல், அறிவியல் என்ற மூன்று பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்து பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சேர்க்கை மும்பையில் 2009 முதல் இணையவழியில் நடக்கிறது. 2025 முதல் மாநிலம் முழுவதற்கும் அதே முறைதான். படிவத்தில் பிரிவைக் குறித்த பிறகு, பத்து ஜூனியர் காலேஜ்களை விருப்ப வரிசையில் தரலாம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்காக வீட்டார் எடுக்கும் இந்த முடிவில், தாராவியானாலும் செம்பூரானாலும், ஒரே கணக்குதான் ஓடுகிறது: சயன்ஸ் எடுத்தால் வேலை உண்டு, ஆர்ட்ஸ் எடுத்தால் திண்டாட்டம்.

இந்தக் கணக்கில் பாதி சரி. பொறியியலுக்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அறிவியல் படித்தவர் பின்னர் பி.ஏ.வுக்கோ சட்டத்துக்கோ போகலாம். கலைப் பிரிவில் படித்தவர் பொறியியலுக்குத் திரும்ப முடியாது. ஆனால் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான வழிகளும் நிறைய. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, ஹோட்டல் மேலாண்மை, ஜி.என்.எம். செவிலியர் பட்டயம் ஆகியவற்றுக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். குடிமைப் பணித் தேர்வுக்கும் மாநிலத் தேர்வாணையத்தின் பெரும்பாலான பதவிகளுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

பிரிவைவிட முக்கியமானவை அதற்குள் எடுக்கும் பாடங்கள். மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி வெளியிடும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் அட்டையிலேயே ‘கலை மற்றும் அறிவியல்’ என்று இரண்டு பிரிவும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். வணிகவியலுக்குத்தான் தனி நூல். ஆர்ட்ஸ் மாணவர் கணிதம் படிக்க மாநில வாரியம் இடம் தருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கணிதத்தோடு ஆர்ட்ஸ் முடித்தவருக்குப் பொருளியலும் புள்ளியியலும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மறுபுறம், சயன்ஸ் எடுத்தும் கணிதத்தை விட்டுவிட்டு உயிரியலோடு நின்றவருக்குப் பொறியியல் கிடையாது. சயன்ஸில் சேர்ந்தாயிற்று என்று நிம்மதி அடைந்த பல குடும்பங்களுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகே தெரிகிறது. ஆகவே பிரிவைக் குறிக்கும் முன், அந்த ஜூனியர் காலேஜ் கணிதத்தையும் உயிரியலையும் எந்தச் சேர்க்கையில் தருகிறது என்று கேட்டுக்கொள்வது அவசியம். ஆர்ட்ஸில் கணிதம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

கணக்கின் மறுபாதி, சயன்ஸ் பட்டம் என்றாலே வேலை என்பது. இங்கே பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டத்தையும் மூன்றாண்டு பி.எஸ்சி.யையும் ஒன்றாகப் பார்ப்பதில் பிழை நேர்கிறது. செம்பூரை ஒட்டியே இரண்டு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். அதன் பயிற்சிப் பள்ளிக்குப் பொறியியல் பட்டமோ அறிவியலில் முதுகலையோ வேண்டும். வெறும் பி.எஸ்சி.யோடு வருபவருக்கு அங்கே உதவித்தொகைப் பயிற்சியாளர் நிலைதான், அதிலும் பட்டயம் படித்தவரோடு ஒரே வரிசையில். தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம், 1936-இல் தொடங்கியது. சமூகப் பணி, மனிதவள மேலாண்மை போன்ற அதன் முதுகலைப் படிப்புகளுக்கு எந்தப் பட்டம் பெற்றவரும் போட்டியிடலாம். நுழைவுத் தேர்வில் தேறும் பி.ஏ. பட்டதாரி அங்கிருந்து பெருநிறுவனங்களின் மனிதவளத் துறைக்குப் போகிறார். முதுகலைக்குப் போகாத பி.எஸ்சி. பட்டதாரி பல நேரம் ஆய்வகத்துக்குத் தொடர்பில்லாத வேலையில் அமர்கிறார். மூன்றாண்டுப் பட்டம் எதுவானாலும் அதற்குப் பிறகு இன்னொரு படி உண்டு. அந்தப் படிக்கான இரண்டாண்டுச் செலவையும் சேர்த்துத்தான் குடும்பம் முதலிலேயே திட்டமிட வேண்டும்.

பட்டம் மட்டும் வேலை தராது என்பதைப் புள்ளிவிவரமும் சொல்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். படிக்காதவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார், பட்டதாரி தகுந்த வேலைக்காகக் காத்திருக்கிறார் என்பது இதற்கு ஒரு காரணம். காத்திருக்க வசதியில்லாத வீடுகளுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் நேராக மூன்றாண்டுப் பாலிடெக்னிக் படிக்கலாம். அதை முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1887-இல் தொடங்கி இப்போது மாட்டுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியிலும் பட்டயப் படிப்புகள் இருக்கின்றன. ஆர்ட்ஸா சயன்ஸா என்ற சண்டையில் இந்த வழி பலர் கண்ணில் படுவதே இல்லை.

மும்பைக் கல்லூரிகளின் கட்டணத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கல்லூரியில், ஒரே கூரையின் கீழ், அரசு உதவி பெறும் படிப்புகளும் சுயநிதிப் படிப்புகளும் நடக்கின்றன. பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. போன்ற பழைய படிப்புகள் பெரும்பாலும் உதவி பெறுபவை, கட்டணம் குறைவு. தகவல் தொழில்நுட்பம், மேலாண்மை, ஊடகம் போன்றவை சுயநிதி, கட்டணம் பல மடங்கு. கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து நுழைந்தவர் கட்டணச் சீட்டைக் கண்டு திகைப்பது இதனால்தான். சீட்டில் உள்ள தொகைக்கு மேல், நன்கொடை என்ற பெயரில் கேட்பது 1987-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டப்படி குற்றம். செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டு வாங்குவது மாணவரின் உரிமை. ரசீது இல்லாத பணத்தைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

மும்பைத் தமிழர்கள் அதிகம் இழப்பது சான்றிதழ்களில்தான். மாநகரில் ‘எல்.சி.’ என்று அழைக்கப்படும் பள்ளி விடுகைச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்த்தால் தாய்மொழி, சாதி, பிறந்த ஊர் என்று தனித்தனி வரிகள் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. மொழிச் சிறுபான்மை நிறுவனமாக அங்கீகாரம் பெற்ற ஜூனியர் காலேஜ்களில் பாதி இடங்கள் அந்த மொழியினருக்கு. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றிய காலத்திலிருந்தே இங்கே தென்னிந்தியர் நடத்தும் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த நிறுவனம் எந்த மொழிக்கு அங்கீகாரம் பெற்றது என்பதைச் சேர்க்கைத் தளத்தில் பார்க்கலாம். தாய்மொழி வரியில் தவறுதலாக இந்தி என்றோ மராத்தி என்றோ விழுந்திருந்தால் அந்த ஒதுக்கீட்டைக் கோருவது சிக்கலாகிவிடும். பள்ளியை விட்டு வெளியே வந்தபின் பதிவேட்டைத் திருத்துவது கடினம். பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் பதிவைப் பார்த்துவிடுவது நல்லது.

சாதிச் சான்றிதழ் இன்னும் வலி மிகுந்த விஷயம். ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் மும்பை வந்து இங்கேயே படித்த பழங்குடி மாணவர் ஒருவருக்கு மருத்துவக் கல்லூரி ஒதுக்கீடு மறுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது: ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது. மகாராஷ்டிரம் தொடர்பான வேறொரு வழக்கில் 1994-இல் இதே நிலை மீண்டும் உறுதியானது. தாராவியில் பிறந்து வளர்ந்த ஆதிதிராவிடர் பிள்ளைக்கும் இது பொருந்தும். முன்னோர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே மகாராஷ்டிரத்தில் வசித்தனர் என்ற ஆவணமும், இந்த மாநிலப் பட்டியலில் அந்தச் சாதியின் பெயரும் இருந்தால் மட்டுமே இங்குள்ள ஒதுக்கீடு கிடைக்கும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு அந்த நாள் 1967 அக்டோபர் 13. தொழிற்படிப்புகளுக்கு, சான்றிதழோடு சாதிச் சரிபார்ப்புக் குழுவின் செல்லுபடிச் சான்றும் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தக் கதவு மூடினாலும் மத்திய அரசின் கதவு மூடுவதில்லை. தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு, குடிபெயர்ந்தோருக்கான சான்றிதழை மகாராஷ்டிர அதிகாரிகளிடமே பெறலாம். பவாய் ஐ.ஐ.டி., டாட்டா சமூக அறிவியல் கழகம் போன்ற மத்திய நிதி பெறும் நிறுவனங்களிலும் மத்திய அரசுப் பணிகளிலும் அது செல்லும். ஆர்ட்ஸ், சயன்ஸ் எது எடுத்தாலும், மாநில ஒதுக்கீடு கிடைக்காத குடும்பம் குறிவைக்க வேண்டியவை இந்த நிறுவனங்கள்.

பிள்ளையை ‘ஊரில் படிக்கட்டும்’ என்று திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்பும் வழக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மருத்துவத்துக்கான மாநில இடங்களுக்குப் பத்தும் பன்னிரண்டும் இந்த மாநிலத்திலேயே தேறியிருக்க வேண்டும், வசிப்பிடச் சான்றும் வேண்டும். பொறியியலின் முதல் வகைத் தகுதிக்கும் இரண்டு தேர்வுகளும் இங்கே முடித்திருக்க வேண்டும். அதோடு பிறப்போ வசிப்பிடமோ இங்கே இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்கு ஊருக்குப் போனவர் இதை இழக்கிறார். அங்கேயும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் பிள்ளை நின்றுவிடும்.

ஆர்ட்ஸில் இடம் கிடைக்காதவர்களையும் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புகிறவர்களையும் குறிவைத்துப் போலிப் பட்டங்கள் விற்பனையாகின்றன. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22-ஆம் பிரிவின்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நாடாளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனமும் தவிர யாரும் பட்டம் தர முடியாது. போலிகளின் பட்டியலை மானியக் குழு தன் தளத்தில் வெளியிடுகிறது. நாக்பூரின் ‘ராஜா அரபிக் பல்கலைக்கழகம்’ அதில் நெடுநாளாக இருக்கிறது. தொலைநிலையில் பி.ஏ., பி.காம். படிப்பது முறையானதே, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி அனுமதி இருந்தால் போதும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் மும்பைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மையத்தையும் தயக்கமின்றி நாடலாம். தபாலில் பொறியியல் பட்டம் என்றால் மட்டும் விலகிவிட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரிலேயே அத்தகைய பட்டங்களைச் செல்லாதவை என்றது.

சயன்ஸ் எடுத்த குடும்பங்களுக்கு ஆபத்து ‘கிளாஸ்’ வடிவில் வருகிறது. ஜூனியர் காலேஜில் பெயர் மட்டும் இருக்கும், பிள்ளை முழுநாளும் பயிற்சி மையத்தில் இருக்கும். இரண்டாண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் வாங்கிவிடுவதால், பிள்ளைக்குப் பாடம் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் குடும்பம் பிரிவை மாற்றத் தயங்குகிறது. மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் 16 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது. இடையில் விலகுபவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. தேர்ச்சி உறுதி என்று விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் தடை செய்தது. கட்டணம் திரும்பி வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம்; செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.

கல்லூரிச் செலவுக்கு வாங்கும் கல்விக் கடனில் 4 லட்சம் வரை வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது. வங்கி காரணம் சொல்லாமல் மறுத்தால் எழுத்தில் புகார் தர வேண்டும்; 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். குறைதீர்ப்பு முறைக்கான தொலைபேசி எண் 14448.

தவறான பிரிவில் சேர்ந்தவருக்கும் திரும்ப வழி உண்டு. உயிரியலைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கூடுதல் பாடமாகத் தேறியவரும் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. மானியக் குழுவின் 2025 விதிமுறை, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடம் படித்திருந்தாலும், நுழைவுத் தேர்வில் அந்தப் பாடத்தில் தேறினால் இளநிலைப் படிப்பில் சேர இடம் தருகிறது. பொறியியல், மருத்துவம் போன்றவற்றின் தனி விதிகள் அப்படியே இருக்கின்றன. பட்டப் படிப்பை முதலாண்டோடு நிறுத்தியவருக்குச் சான்றிதழ், இரண்டாண்டுக்குப் பட்டயம் என்ற புதிய ஏற்பாட்டில், சேர்த்த மதிப்பெண் அலகுகள் வங்கிக் கணக்குப் போல இருப்பில் இருக்கும்.

கல்லூரியை விட்டு விலகும்போது மூலச் சான்றிதழைத் தர மாட்டோம் என்று சொல்ல எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் ஒரு சிறு கழிவு போக முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். கடைசி நாள் கடந்து பதினைந்து நாளுக்குள் என்றால் 80 சதவீதம், முப்பது நாளுக்குள் என்றால் 50 சதவீதம். அதற்குப் பின் எதுவும் கிடைக்காது. எனவே விலகல் கடிதத்தில் நாள் குறித்து, கல்லூரி முத்திரையோடு நகல் வாங்கிவைக்க வேண்டும். இந்த விதி ஜூனியர் காலேஜுக்குப் பொருந்தாது. அங்கே எழும் குறைகளுக்குச் சர்னி ரோட்டில் உள்ள கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். பட்டக் கல்லூரி என்றால் மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும்.