அமைதியானவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

“அவன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தாங்க. யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டான். எதையாவது யோசிச்சுக்கிட்டே இருப்பான்.” இதே வாக்கியத்தைப் பெருமையாகவும் சொல்லலாம், கவலையாகவும் சொல்லலாம். பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும்போது அது பெருமை. அவனே இரண்டு வாரமாக அறையை விட்டு வராதபோது அது கவலை. சில நேரம் கவலைப்பட வேண்டிய இடத்திலும், “அவன் சுபாவமே அப்படித்தானே” என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இணையத்தில் 10 நிமிட ஆளுமைத் தேர்வு எழுதி ‘ஐஎன்டிபி’, ‘ஐஎன்டிஜே’ என்று நான்கு எழுத்து வாங்கிய இளைஞர்கள் பலருக்கு இப்போது ஒரு சந்தேகம். இன்ட்ரோவெர்ட், அதோடு எதையும் பிரித்துப் பிரித்து ஆராய்கிற மூளை. இந்த இரண்டும் சேர்ந்தால் மனச்சோர்வு வந்தே தீருமா?

கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், எந்தப் பாதி என்பதைத்தான் பெரும்பாலானோர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

நான்கு எழுத்தில் இல்லாத அளவு

இன்ட்ரோவெர்ட், எக்ஸ்ட்ராவெர்ட் என்ற பிரிவைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங். ஆளுமை வகைகள் பற்றிய அவரது நூல் 1921இல் வெளிவந்தது. அதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கியதுதான் 16 வகை மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு. இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். இசபெல் அதற்கு முன்பு துப்பறியும் நாவல் எழுதியவர். அதனாலேயே தேர்வு தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஒரே ஆள் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வந்து நிற்பது சகஜம் என்பது அதன் மீது நெடுங்காலமாக வைக்கப்படும் விமர்சனம்.

மனச்சோர்வு விஷயத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. எந்தக் குணம் மனச்சோர்வோடு மிக நெருக்கமாகப் போகிறதோ, அந்தக் குணத்தை அந்த நான்கு எழுத்துகள் அளப்பதே இல்லை.

உளவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ‘பிக் ஃபைவ்’ எனப்படும் ஐந்து குணங்களின் அளவுகோலை. அதில் ஒன்று நியூராட்டிசிசம். சின்ன விஷயத்துக்கும் சட்டென்று பதறுவது, மனம் புண்பட்டால் ஆறுவதற்கு நாளாவது, குற்ற உணர்வும் பயமும் எளிதில் ஒட்டிக்கொள்வது ஆகியவை சேர்ந்த குணம் இது. ரோமன் கோட்டோவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 175 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட அலசலில், மனச்சோர்வு, பதற்றக் கோளாறுகள் எல்லாவற்றோடும் மிக வலுவாக ஒட்டியிருந்தது இந்தக் குணம்தான். எக்ஸ்ட்ராவெர்ஷன் குறைவாக இருப்பதற்கும் தொடர்பு தென்பட்டது. குறிப்பாக, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் லேசான மனச்சோர்விலும், ஆட்களைக் கண்டாலே ஏற்படும் அச்சத்திலும் அது பளிச்சென்று தெரிந்தது.

அப்படியானால் அமைதியானவர்களுக்கு ஆபத்துதானே என்று கேட்கலாம். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ட்ராவெர்ஷன் என்பது வெறும் வாயாடித்தனம் அல்ல. மகிழ்ச்சி, உற்சாகம், ஆர்வம் எவ்வளவு எளிதாக எழுகிறது என்பதும் அதில் அடக்கம். மனச்சோர்வோடு நெருங்கிய உறவு இந்தப் பகுதிக்குத்தான். தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து சதுரங்கப் புதிரை ரசித்துப் போடும் ஒருவர் அளவுகோலில் இன்ட்ரோவெர்ட்டாக இருக்கலாம். உற்சாகத்துக்கு அவரிடம் பஞ்சம் இல்லை.

இரண்டாவது, எது முந்தி வந்தது என்பது. மனச்சோர்வே ஆளை ஒதுங்க வைக்கும். சோர்வில் இருக்கும்போது தேர்வு எழுதினால், அது சுபாவத்தையா அளக்கிறது, நோயையா? 2009இல் வெளியான டோனி டாங் குழுவின் ஆய்வில், மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் நியூராட்டிசிசம் குறைந்தது, எக்ஸ்ட்ராவெர்ஷன் மதிப்பெண் ஏறியது. ‘என் சுபாவமே இதுதான்’ என்று நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு சுபாவமே அல்ல, எனலாம்.

நிலநடுக்கத்துக்கு 14 நாள் முன்பு

சரி, அந்த ‘யோசிச்சுக்கிட்டே இருப்பது’? அங்கேதான் உண்மையான பாதி இருக்கிறது.

1989 அக்டோபர் 17, மாலை 5 மணி 4 நிமிடம். கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை 6.9 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. 63 பேர் இறந்தனர். அருகிலிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கட்டிடங்களும் சேதமடைந்தன. அங்கே பணியாற்றிய உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா, அதற்கு 14 நாள் முன்புதான் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்து வாங்கியிருந்தார். மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வேறு வேலையில் இறங்குவீர்களா, அல்லது ‘எனக்கு ஏன் இப்படி ஆகிறது’ என்று உட்கார்ந்து யோசிப்பீர்களா?

யாரும் திட்டமிட்டு அமைக்க முடியாத சோதனைக்கூடம் அவருக்குக் கிடைத்துவிட்டது. நிலநடுக்கம் முடிந்து 10 நாள் கழித்தும், 7 வாரம் கழித்தும் அதே மாணவர்களிடம் மறுபடி கேட்டார். முன்பே ‘உட்கார்ந்து யோசிக்கும்’ பழக்கம் உள்ளவர்களிடம் சோர்வு அதிகமாக இருந்தது, நீடிக்கவும் செய்தது. நிலநடுக்கத்துக்கு முன்பே அவர்கள் எவ்வளவு சோர்வாக இருந்தார்கள் என்பதைக் கழித்துப் பார்த்த பிறகும் முடிவு அதுவே.

இந்தப் பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ரூமினேஷன் என்று பெயர். மாடு அசைபோடுவதைக் குறிக்கும் சொல். தமிழிலும் நினைவுகளை ‘அசைபோட்டார்’ என்றுதான் சொல்கிறோம். என்ன, நம் பேச்சில் அது பெரும்பாலும் இனிய நினைவுக்கு வரும் சொல். இங்கே அசைபோடப்படுவது கசப்பு. மாட்டுக்காவது அசைபோட்டால் செரிக்கும்.

பகுத்தாராயும் மூளை உள்ளவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அலுவலகத்தில் ஒரு கோளாறு வந்தால் வேரைத் தேடிப் போய்ச் சரிசெய்து பழகியவர்கள், சொந்த மனத்தின் மீதும் அதே கருவியை எடுத்துவிடுகிறார்கள். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ ‘மத்தவங்களுக்கு வர்றது எனக்கு மட்டும் ஏன் வரலை?’ இரவு 2 மணிக்கு நடக்கும் இந்த விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரும் நீதிபதியும் ஒரே ஆள். உள்ளே இருப்பவருக்கு அது சிந்தனை மாதிரியே, பிரச்சினையைத் தீர்ப்பது மாதிரியே தோன்றும். அதனால்தான் விட முடிவதில்லை.

உண்மையிலேயே தீர்க்கிறதா? சோன்யா லுபொமிர்ஸ்கியும் நோலன்-ஹோக்செமாவும் 1995இல் வெளியிட்ட பரிசோதனைகள் இதற்குப் பதில் தருகின்றன. சோர்வான மனநிலையில் இருந்தவர்களில் ஒரு பிரிவினர் 8 நிமிடம் தங்கள் உணர்வுகளைப் பற்றியே யோசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வானில் மேகம் உருவாவதையும் மோனாலிசாவின் முகபாவத்தையும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, நண்பர் விலகிப் போகிறார் என்பது போன்ற சிக்கல்களுக்கு வழி கேட்டபோது, தங்களைப் பற்றியே யோசித்தவர்கள் சொன்ன தீர்வுகள்தான் மோசம். மோனாலிசாவை நினைத்தவர்கள், அதே சோர்வு இருந்தும், தேறிவிட்டார்கள்.

எதிர்க்கருத்தும் உண்டு. மனச்சோர்வு என்பதே சிக்கலான பிரச்சினையை ஆழ்ந்து ஆராயப் பரிணாமம் செய்துவைத்த ஏற்பாடு என்று பால் ஆண்ட்ரூஸும் ஆண்டர்சன் தாம்ஸனும் 2009இல் வாதிட்டார்கள். சுவையான வாதம். பல வாரம் தூங்காமல், சாப்பிடாமல் கிடக்கும் ஒருவரைப் பார்த்தவர்களுக்கு அதை ஏற்பது கடினம்.

‘ஏன்’ என்பதிலிருந்து ‘எப்படி’ என்பதற்கு

யோசிப்பதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. நோலன்-ஹோக்செமாவின் குழு 2003இல் அசைபோடுதலை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, ‘எனக்கு மட்டும் ஏன்’ என்று புழுங்குவது. மற்றது, நடந்ததை நிதானமாகப் புரிந்துகொள்ளப் பார்ப்பது. புழுங்கியவர்களிடம் நாளடைவில் சோர்வு கூடியது. நிதானமாகப் பார்த்தவர்களிடம் அது நாளடைவில் குறையும் போக்கே தெரிந்தது.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் உருவாக்கிய சிகிச்சைமுறை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. யோசிக்காதே என்று அது சொல்வதில்லை. கேள்வியை மாற்றச் சொல்கிறது. ‘நான் ஏன் எதற்கும் லாயக்கில்லை?’ என்பதற்கு விடை கிடையாது. ‘நேற்றைய கூட்டத்தில் எந்த இடத்தில் பேச்சு தடுமாறியது, அடுத்த முறை முதல் வரியை எப்படி ஆரம்பிக்கலாம்?’ என்பதற்கு விடை உண்டு. ஆராயும் மூளைக்கு இந்த இரண்டாவது கேள்வி நன்றாகவே பிடிக்கும்.

“ஓவரா யோசிக்காதே, வெளியே போய் நாலு பேரோட பழகு” என்பது நம் வீடுகளில் சொல்லப்படும் மருந்து. ஒரு வாரம் எக்ஸ்ட்ராவெர்ட் போல நடந்துகொள்ளச் சொல்லி ஆஸ்திரேலியாவில் ஒரு பரிசோதனை நடந்தது. அதன் முடிவு 2019இல் வெளியானது. பொதுவாக உற்சாகம் கூடியது உண்மை. ஆனால், மிகவும் இன்ட்ரோவெர்ட்டாக இருந்தவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. களைப்பும், ‘இது நானே இல்லை’ என்ற உணர்வும்தான் மிச்சம். அவர்களுக்குக் கல்யாண மண்டபம் தேவையில்லை. கூடவே நடந்து வர ஓர் ஆள் போதும். நண்பர் ஒருவரோடு மாலையில் அரை மணி நேரம் நடப்பது, பாதியில் விட்ட ஒரு வேலையைக் கையில் எடுப்பது என்று சின்னச் சின்னச் செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பதும் மனச்சோர்வுக்குப் பலன் தரும் சிகிச்சைகளில் ஒன்று.

எங்கே கோட்டை விடுகிறோம்?

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வருகிறது. கலகலப்பானவர் திடீரென்று அமைதியானால் தெருவே கேட்கும், “என்னாச்சுப்பா?” என்று. ஏற்கெனவே அமைதியாக இருப்பவருக்கு வந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. நம் பேச்சிலும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் வேலைப்பளுவுக்கும் இந்த நோய்க்கும் பயன்படுவதால், “எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்று அது கடந்து போய்விடுகிறது.

எனவே, பேசுகிறாரா இல்லையா என்று பார்ப்பதில் பயனில்லை. தனியாக இருக்கும்போது அவருக்குப் பிடித்தவை என்னவாயின என்று பார்க்க வேண்டும். தினமும் படிப்பவரின் புத்தகம் பத்து நாளாக அதே பக்கத்தில் இருக்கிறதா? கோடிங்கோ, கிட்டாரோ, மாடித் தோட்டமோ அப்படியே கிடக்கிறதா? விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா? சாப்பாடு குறைந்ததா, ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவே மலைப்பாக இருக்கிறதா? சோகமோ ஆர்வமின்மையோ பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரம் நீடித்து, கூடவே இப்படிச் சில அறிகுறிகளும் இருந்தால் அதைச் சுபாவக் கணக்கில் எழுதக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

ஆராய்ந்து பேசுபவரிடம் இன்னொரு சிரமமும் உண்டு. தன் நம்பிக்கையின்மைக்கு அவர் பிரமாதமாகக் காரணம் சொல்லுவார். “இது சோர்வில்லம்மா, உண்மையை உள்ளபடி பார்க்கிறேன், அவ்வளவுதான்” என்பார். வாதத்தில் அவரை ஜெயிக்கப் பார்ப்பது வீண். தூக்கம் எப்படி இருக்கிறது, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது பலன் தரும். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416க்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதிகம் பேசப் பிடிக்காதவர் என்றால், எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.