காசு சுண்டினால் நோய் தெரியும்!

ஊரில் ஒருத்தருக்குத் தொற்றுநோய் வந்தா அது எத்தனை பேருக்குப் பரவும்? இதை முன்கூட்டியே கணிக்க விஞ்ஞானிகள் இரண்டு வழி வச்சிருக்காங்க. நான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன்.

முதல் வழி: சமன்பாடு

1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். கெர்மாக் 1924-ல் ஆய்வக விபத்தில் பார்வையை இழந்தவர்! மெக்கென்ட்ரிக் நம் நாட்டில் கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்தவர். ஊர் மக்களை நோய் வரக்கூடியவர், நோயாளி, குணமானவர் அல்லது இறந்தவர் என மூணு கூட்டமாகப் பிரிச்சாங்க. ஒரு கூட்டத்திலிருந்து அடுத்ததுக்கு எவ்வளவு வேகமா ஆள் போறாங்க என்பதுதான் கணக்கு. 1905-06 பம்பாய் பிளேக் மரணங்களோடு ஒப்பிட்டபோது, மலை போல ஏறி இறங்கும் கோடு நன்றாகவே பொருந்தியது.

இரண்டாம் வழி: சிமுலேஷன்

கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மை ஊரை உருவாக்கி, நோயை விட்டுப் பார்ப்பது. நாமும் செய்யலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் காசை மூணு தடவை சுண்டுங்க. தலை விழுந்தா ஒருத்தருக்குத் தொற்றும், பூ விழுந்தா தொற்றாது. சராசரியா ஒருத்தர் ஒன்றரைப் பேருக்குக் கொடுக்கிறார். சமன்பாடு என்ன சொல்லும்? ‘நோய் பெருகும்.’ ஆனா மூணும் பூ விழுந்தா முதல் ஆளோடயே நோய் நின்னுபோகும்! அதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால ஒரு ஆட்டத்தை நம்பக்கூடாது, பல தடவை ஆடணும்.

எது சிறந்தது?

தட்டம்மையைப் பாருங்க. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பார்கள். 15 என்று வைப்போம். அந்த 15 பேரில் 14 பேருக்குப் பாதுகாப்பு இருந்தா ஒருத்தருக்குத்தான் தொற்றும், நோய் பெருகாது. 14/15 என்பது சுமார் 93 சதவீதம். இதைச் சொல்ல பென்சில் போதும். ஆனா எல்லாரும் எல்லாரோடும் சமமாகப் பழகுறாங்கன்னு இந்தக் கணக்கு நினைக்குது. ஊசி போடாத பிள்ளைகள் எல்லாரும் ஒரே தெருவில் இருந்தா? ஊர்க்கணக்கு 95 சதவீதம் காட்டும், அந்தத் தெருவிலோ அம்மை பரவும். தெருத் தெருவா, ஆள் ஆளா பார்க்கும் சிமுலேஷன்தான் இதைக் காட்டும். ஆனா அதுக்கு நிறைய விவரமும் நேரமும் வேணும்.

என்னைக் கேட்டா இரண்டும் வேணும். தடுப்பூசி முகாம் வரும்போது ‘எத்தனை பேர் போட்டாச்சு’ன்னு மட்டும் கேட்காம, ‘எந்தத் தெரு விட்டுப்போச்சு’ன்னும் கேட்போம்!

— 11-ஆம் வகுப்பு, ‘அ’ பிரிவு